இன்சுலின் என்றால் தீவு

வகுப்பு வாசலில் பக்கத்து வீட்டு ராமாயி அக்கா வந்து நின்றார்.

"சாமி, பையை எடுத்துக்கிட்டு வா. உங்கத்தை போயிட்டாங்க."

"எங்கே, சேலத்துக்கா?" வழக்கம்போல் என் வாய் முந்திக்கொண்டது. வகுப்பே சிரித்தது. அக்கா அழுவதைப் பிறகுதான் பார்த்தேன். ஆகையால் நம் பள்ளிக் கையெழுத்து இதழில் என் சிலேடைகள் வரும் இந்தப் பக்கத்தில் இம்முறை சிலேடை இல்லை.

என் அத்தை நல்லம்மாள் ராசிபுரத்தில் ஜாக்கெட் தைத்தவர். பருத்த உடம்புக்காரர்கள் வந்தால், "துணி பத்தாதுங்க, பக்கத்து ஊட்டுச் சீலையும் கொண்டாங்க" என்பார். யாரும் கோபித்ததில்லை. பள்ளிக்கூடம் போகாதவர்; நான் படிப்பதில் அவருக்குத்தான் பெருமை அதிகம்.

போன தையில் அவர் மெலிந்துபோனார். சேலத்து டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொல்லி, தினமும் இன்சுலின் ஊசி போடச் சொன்னார். மருந்து சூட்டில் கெடாமலிருக்கப் புட்டிகளை ஈரமணல் சட்டியில் வைத்தோம். காலையில் கம்பவுண்டர் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வார்.

"அதென்ன பேரு சாமி, இன்சுலின்? என்ன அருத்தம்?"

"தமிழ்தானுங்க அத்தை. இன்சொல் இல்லீங்களா, அந்த இன். இன்னுன்னா இனிப்பு, சுலின்னா சுளை. பலாச்சுளைச் சாறு."

"அப்படியா?"

"பின்னே."

அவர் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, "ஒடம்புல சக்கரை அதிகம்னுட்டு இனிப்பையே குத்துறாங்களே" என்றார். பதிலுக்கு வேடிக்கை செய்கிறார் என்று கைதட்டினேன்.

அத்தையைக் கிடத்தியிருந்த கூடத்தில் ராமாயி அக்கா சொன்னார்: "ஊசிய நிறுத்திப் பத்து நாளாச்சு. கம்பவுண்டர் ஊட்டுக்குன்னு கெளம்பிக் கோயில்ல உக்காந்துட்டு வந்துருவாங்க. 'எம் மருமவன் படிச்சவன், அது இனிப்பு மருந்துன்னுட்டான், டாக்டருக்குத்தான் தெரியல'ன்னாங்க."

சட்டியில் மூன்று புட்டிகள் சீல் உடையாமல் இருந்தன.

உயிரியல் ஆசிரியரிடம் கேட்டேன். லத்தீனில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயராம். கணையத்துக்குள் தீவுகள்போலத் திட்டுத்திட்டாகக் கிடக்கும் செல்களில் இந்த ஹார்மோன் சுரப்பதால் அந்தப் பெயர். ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பதுதான் அதன் வேலை. ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அத்தை கேட்டபோது நான் "தெரியாது" என்றிருக்கலாம். நாலே எழுத்து.

அந்தச் சட்டிக்கு இன்னும் தண்ணீர் தெளித்து வருகிறேன். ஈரமணலுக்கு மேலே மூன்று புட்டிகளும் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இனிப்பில்லீங்க அத்தை. தீவுங்க.