சாப்பாட்டு மணியில் பழகிய முடிச்சு

ராஜபாளையம் மில்லில் வேலை பழகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை ரயிலில் போவேன். என்னோடு வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தியும் சேர்ந்தாள். எங்களுக்கு ரீலிங் பிரிவு. குழலில் இருக்கும் நூலைப் பெரிய சக்கரத்தில் சுற்றி, வளையமான நூல்கட்டாக, சிட்டமாக்க வேண்டும். அறுந்தால் சட்டென்று முடிச்சுப் போட வேண்டும். மிஷின்களின் இரைச்சலைக் கேட்டதுமே எனக்குக் கை துறுதுறுத்தது.

ஆனால் கை வைக்க விடவில்லை. நாங்கள் சேர்ந்த வாரமே புது அதிகாரி ஒருவர் கடிகாரத்தோடு வந்து, ஒவ்வொருத்தியும் மணிக்கு எத்தனை சிட்டம் எடுக்கிறாள் என்று குறிக்கத் தொடங்கினார். எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய அக்கா திரும்பியே பார்க்கவில்லை.

“கோவிச்சுக்கிடாத ஏட்டி. ஒனக்காக மிஷின நிறுத்துனா எஞ் சிட்டம் கொறையும். நின்னு பாத்துக்கோ.”

பத்து நாள் நின்று பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை. இதில் அடுத்த திங்கட்கிழமை பரீட்சை, தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

வன்னியம்பட்டிக்காரிதான் துணிந்து அவரிடம் போனாள்.

“சாப்பாட்டு மணிக்கு மிஷின் சும்மாத்தான ஸார் நிக்கு? கையால சுத்திப் பழகிக்கிடுதோம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “கழிவு நூல்தான் தருவேன்” என்றார்.

அன்றிலிருந்து நாலு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். ஒருத்தி சக்கரத்தைச் சுற்ற, மற்றவள் முடிச்சிடுவாள். என் முதல் முடிச்சு அவிழாமல் சுற்றி வந்தபோது அவளைக் கட்டிக்கொண்டேன்.

பரீட்சையன்று மிஷின் முழு வேகத்தில் ஓடியது. நூல் அறுந்த இடத்துக்கு விரல் தானாகப் போனது. நான் நேரத்துக்குள் முடித்தேன், அவள் பிந்திவிட்டாள். அதிகாரி அவளைப் பார்த்து, தேறவில்லை என்று தலையசைத்தார். அப்போது எங்கள் பிரிவு மேஸ்திரி இரண்டு சிட்டங்களையும் பிரித்து இழுத்துப் பார்த்தார். என் முடிச்சுகளில் இரண்டு நழுவின. அவளுடையது ஒன்றுகூட நழுவவில்லை.

“நெசவுக்காரவுக திருப்பி அனுப்பாதது இந்தப் புள்ள சிட்டந்தான் ஸார்” என்றார்.

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் சொன்னேன்: “ரெண்டு பேருக்கும் இன்னும் ஒரு வாரம் குடுங்க ஸார்.”

அதிகாரி கொடுத்தார், நல்ல நூலும் சேர்த்து. அவள் எனக்கு முடிச்சைத் திருத்தினாள், நான் அவளை விரட்டி விரட்டி வேகப்படுத்தினேன். அடுத்த திங்கட்கிழமை இருவருமே தேறினோம். எங்களுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் சாப்பாட்டு நேரத்தைத் தவிர வேறு நேரத்தை மில் ஒதுக்கவில்லை. நாங்கள் கேட்டு வாங்கியதே அதற்கு வழியாகும் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. தேறிய அன்று ஸ்டேஷனுக்கு நடக்கப் பொறுமையின்றி, இருவரும் ஓடியே போனோம்.