இஸ்திரிக்காரியின் கை

சலவைக்கடையில் அவளுக்குப் பேரே இஸ்திரிக்காரிதான். பெட்டி சூடேறிவிட்டதா என்று மற்றவர்கள் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். இவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இன்னும் கொஞ்சம் காயணும்" என்பாள். "அது கையா, செங்கல்லா?" என்று முதலாளி கேலி செய்வார். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

புருஷன் பஸ் டிரைவர். ஈறில் ரத்தம் கசிகிறதே என்று காட்டப் போனவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எலும்பு மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறந்து, முற்றி, வெளியே வரும். இவருக்கோ முற்றாத அணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. வேலைக்கும் ஆகாது, சாகவும் சாகாது, அப்படியொரு வெட்டிக் கூட்டம். முதல் சுற்று மருந்திலேயே அவை ஒடுங்கிவிட்டன. மிச்சமீதி இருக்கக் கூடாதென்று இன்னொரு சுற்று ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"இந்த மருந்து நல்ல அணுவையும் சேத்துக் கொல்லும்மா. புதுசு முளைக்கிற வரைக்கும் கிருமியை எதுக்க உள்ள ஆள் கிடையாது. சீழ் வைக்காது, வீங்காது. காய்ச்சல் ஒண்ணுதான் காட்டிக்கொடுக்கும். வந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

வாங்கிய தெர்மாமீட்டர் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. "எம் பொண்ணுக்கு வந்த காய்ச்சலை எல்லாம் இந்தக் கைதான் சொல்லுச்சு" என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் அதெல்லாம் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதற்கு முந்தைய காலம். பாழாய்ப்போன அந்தக் கணக்கு ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

காலையும் மாலையும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை.

"குளிருதுடி" என்றார் ஒரு நாள்.

"மருந்து அசதிங்க. உடம்பு சுடலையே" என்று போர்த்திவிட்டாள்.

சாயங்காலம் வந்த மகள் அவர் காலைத் தொட்டவள், கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா, அப்பாவுக்குக் கொதிக்குது."

ஆட்டோவில் போகும்போதும் இஸ்திரிக்காரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதும் சுடவில்லை.

கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். "எப்போலேந்து காய்ச்சல்?" என்று டாக்டரம்மா கேட்டபோது அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். யாரைத் திட்டுவது? இத்தனை வருஷம் சோறு போட்ட கையையா?

மறுநாள் மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். மகள் அப்பாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அதுக்குள்ள ஜில்லுன்னு ஆயிட்டாரேம்மா" என்று அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் போய் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இல்லையே" என்றாள். "எப்பவும் போலத்தானே இருக்காரு."