இடக்கைக்காரன் அடுக்கிய பெட்டி

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்தது ராமநாதபுரத்துக் கடற்கரையில். வாக்கப்பட்டு வந்தது மதுரை விளாங்குடிக்கு. இங்கே மீன் விற்கிறேன். என் தம்பி ஊரிலேயே வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். கரையிலிருந்து வெகுதூரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. பார் என்போம். விளமீன் கூடுகிற இடம். ஊரில் எங்கள் தெருவில் அடுப்பெரிவது அந்தப் பாரை நம்பித்தான்.

போன ஆடியில் அங்கே போன தம்பி சொன்ன நாளில் திரும்பவில்லை. பலத்த காற்று. போனும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் மனைவி கூப்பிட்டாள்.

"இன்னும் கரைக்கு வரல மதினி."



மறுநாள் விடியும்போது, வீட்டில் இருக்க முடியாமல் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். நான் எப்போதும் சரக்கு எடுக்கும், தம்பி வள்ளத்து மீனும் வந்து சேரும் கடைக்காரப் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் லாரியிலிருந்து இறக்கிய பெட்டிகளில் ஒன்றின் பக்கவாட்டில் தம்பி வள்ளத்துப் பெட்டிகளுக்கு அடையாளமாகப் போடும் பச்சைக் கோடு தெரிந்தது. பாய் என்னை அடக்கினார். பெட்டியை யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கியிருக்கலாம், அதை வைத்து நம்பிவிடாதே என்றார். சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து ஐஸை வழித்துத் தள்ளினார்.

உள்ளே விளமீன். கோடு போட்ட பக்கம் தலை வரும்படிதான் எல்லாரும் அடுக்குவார்கள். தம்பி இடக்கைக்காரன். அவனுக்கு மட்டும் வால்தான் அந்தப் பக்கம் வரும். பாய் எத்தனை முறை திட்டியும் மாறவில்லை. இந்தப் பெட்டியில் கோட்டுப் பக்கம் முழுக்க வால்கள்.

பாய் குனிந்து பார்த்தார்.

"ஒன் தம்பி அடுக்குனதுதான் தங்கச்சி. அம்புட்டு மீனும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்திருக்கு பாரு."

செவுளைப் பார்க்கச் சொன்னேன். தூக்கிக் காட்டினார். ரத்தச் சிவப்பு.

"நேத்துப் புடிச்சது."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்தே தம்பி மனைவிக்குப் போன் போட்டு, அவன் கரையேறிவிட்டான் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அழுதாள்.

மதியம் அவன் வீடு போய்ச் சேர்ந்து, மனைவி போனிலிருந்து பேசினான். காற்று வள்ளத்தை வடக்கே தள்ளி, முந்தின நாள் இரவு வேறு ஊரில் கரையேறியிருக்கிறார்கள். போன் உப்புத்தண்ணீரில் வீணாகிவிட்டது. எல்லா நம்பரும் அதற்குள்ளேதான். மீனை ஐஸ் போட்டு லாரி ஏற்றுவதற்குள் கடைசி பஸ் போய்விட்டதாம். முதலில் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன்.

"நானா கெட்டுப்போகப் போறேன்? மீன்தானக்கா கெட்டுப்போகும்."

மறுநாளும் காற்று அடங்கவில்லை. தம்பி கடலுக்குப் போகவில்லை. விளமீன் வராததால் நான் விளாங்குடியில் மத்தி விற்றேன்.