அடுப்பில் விழாத கரி

அந்தத் தராசைப் பார்த்ததுமே வடிவாம்பாளுக்குப் பிடிக்கவில்லை.

1984, ஆனி மாதம். குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையல் அவள் பொறுப்பு. நூற்று எண்பது பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும். அறிவியல் வாத்தியார் ஆவுடைநாயகம் காலையிலேயே தொங்கு தராசோடு கொட்டகைக்குள் வந்தார். விறகைக் கட்டுக் கட்டாக நிறுத்தார். சமையல் முடிந்ததும் வந்து மிச்சத்தை நிறுத்தார். எரிந்தது அறுபத்திரண்டு கிலோ. சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

"என்ன சார், விறகுக்கும் பரீட்சையா?"

"ஒரு நாளைக்கு எம்புட்டு எரியுதுன்னு பாக்கேன் யக்கா."

"எரியுதது எரியத்தான் செய்யும். நான் என்ன வீட்டுக்கா தூக்கிட்டுப் போறேன்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். விறகை அவள் தூக்கிப் போனதில்லை. கரியைத் தூக்கிப் போவாள். மூன்று கல் அடுப்பில் சோறு வடித்ததும் பாதி எரிந்த கட்டைகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் ஒரு பெட்டிக் கரி தேறும். சமைக்கிறவள் எடுத்துக்கொள்வது வழக்கம். யாரும் கொடுத்ததில்லை, யாரும் தடுத்ததுமில்லை. புருஷன் செத்து ஆறு வருஷம். அவள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு ராச்சோறு அந்தக் கரியில்தான் வெந்தது. கரி இல்லையென்றால் குற்றாலத்து மலையடிக்கு விறகுக்குப் போக வேண்டும். போன வருஷம் போனபோது வனக்காவலர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு பொழுது சாயும்வரை அவளை நிறுத்தி வைத்திருந்தார்.

வாத்தியார் புது அடுப்பு போடப் போவதாகச் சொன்னார். மண் அடுப்பு, இரண்டு கண், புகை போகக் குழாய். பாதி விறகு போதுமாம்.

"மலையில வெட்டுத விறகு இந்த மாதிரி அடுப்புக்குத்தான் வருது யக்கா. இப்படியே போனா அருவிக்கு மேல மரம் நிக்காது."

"அருவியப் பாக்க ஆபீசருங்க இருக்காவ. சோறு பாக்க நான் ஒருத்திதான்."

அவர் போனதும், காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆயா ஹைருன் பீவியிடம் குனிந்து சொன்னாள். "இவரு நல்லதுக்கு வரலைட்டி. கரிக்கு வந்திருக்காரு."

"வாத்தியாரு கரி அள்ளவா வருவாரு?"

"அப்போ என்னயப் பிடிக்க வந்திருக்காரு."

குளத்து வண்டலும் வைக்கோலும் சாணியும் குழைத்து ஆடியில் அடுப்பு எழுந்தது. முதல் நாள் புகை முழுவதும் குழாய் வழியே போய்விட்டது. கண் எரியவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகம். சோறு இறக்கியதும் இடுக்கியை உள்ளே விட்டுக் கிளறினாள். வெள்ளைச் சாம்பல். ஒரு கை கரிகூட இல்லை. குழாய் வாயில் தேடினாள். பிறகு ஹைருன் பீவியின் தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்தாள். மூன்று நாள் ஹைருன் பீவி அவளோடு பேசவில்லை.

நாலாம் நாள்தான் புரிந்தது. இந்த அடுப்பு கரியையும் சேர்த்துத் தின்கிறது. அன்று ராத்திரி பிள்ளைகள் பழையதைத் தின்றார்கள்.

அடுப்பு காயட்டும் என்று வாத்தியார் அதுவரை விறகை நிறுக்கவில்லை. ஐந்தாம் நாள் தராசு திரும்ப வந்தது. அன்று அவள் அடுப்பு வாயில் விறகை நெருக்கித் திணித்தாள். பாதி எரிந்ததும் இழுத்து அணைத்தாள். பெட்டி நிறைந்தது. அதைச் சாக்கில் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

ஒளித்த கரியும் எரிந்த கணக்கில் சேர, சுவரில் ஐம்பத்தெட்டு என்று விழுந்தது. வாத்தியார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது கேட்பார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. சனிக்கிழமை வந்து அடுப்பை உடைத்து, புகைவழியைக் குறுக்கிக் கட்டினார். மறு வாரம் ஐம்பத்தேழு. மறுபடி உடைத்தார். சாரல் காலம், மண் காயவில்லை. சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்ததில் அவர் உள்ளங்கை வெடித்துவிட்டது.

"நடிக்காரு," என்றாள் ஹைருன் பீவியிடம். "என் வாயால வரட்டும்னு நடிக்காரு."

அவர் முட்டிபோட்டு அடுப்புக்குள் எட்டிப் பார்த்தால், சாக்கைத் தேடுகிறார் என்று இவள் அரிசி மூட்டைமேல் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆவணியில் அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வாத்தியார் கடப்பாரையோடு வந்தார்.

"எதுக்கு சார்?"

"என் அளவு எங்கயோ தப்பு யக்கா. பாதி விறகுன்னு படிச்சேன், எனக்கு வரலை. ஒங்களையும் ரெண்டு மாசமாப் பாடாப் படுத்திட்டேன். பழைய கல்லையே வச்சிருதேன்."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. உள்ளங்கையில் துணி சுற்றிக் கடப்பாரையைப் பிடித்திருந்தார். துணியில் ரத்தம்.

"ஒரு நாள் பொறுங்க," என்றாள்.

மறுநாள் அந்த அடுப்பு கேட்டபடியே எரித்தாள். இரண்டிரண்டு விறகு, எரிய எரியத் தள்ளினாள். இறக்கியதும் மிச்சத்தை அவளே தராசில் தொங்கவிட்டாள். எரிந்தது முப்பத்துமூன்று. பிறகு முந்தின நாள் கரி இருந்த சாக்கை இழுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஒங்க தப்பு இங்கன இருக்கு. ஆபீசர்ட்டச் சொல்லணும்னா சொல்லிக்கிடுங்க. வேலை போனா போகட்டும்."

அவர் சாக்குக்குள் கைவிட்டு ஒரு கரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல என்ன அடுப்பு யக்கா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் மண் குழைத்துக்கொண்டிருந்தார். சின்ன அடுப்பு, ஒற்றைக் கண். வடகரைத் தோப்புகளில் சும்மா கிடக்கும் தென்னை மட்டையும் சிரட்டையும் அதற்குப் போதும். மலைக்குப் போக வேண்டாம். இந்த ஆள் பதிலுக்கு என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு மாதம் காத்திருந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அதிகாரியிடம் முப்பத்துமூன்று என்று மட்டும் சொன்னாராம். அதையும் ஹைருன் பீவியிடம் மூன்று முறை விசாரித்த பிறகே நம்பினாள்.

1989இல் அவளுக்கு மூச்சு முட்டியது. தென்காசியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பீடி குடிப்பியளோ?"

"இவரு படிச்சவருதானா?" என்று வெளியே வந்து, கூட வந்த ஹைருன் பீவியிடம் கேட்டாள். பன்னிரண்டு வயதில் அடுப்பு ஊதத் தொடங்கியவள். புகைக்குழாய் வந்தபோது வயது நாற்பத்துநாலு.

அப்புறம் வேலைக்குப் போகவில்லை. ஹைருன் பீவிதான் சமையல். சாயங்காலம் வந்து கட்டிலருகே உட்காருவாள். இருமலுக்கு நடுவே தினமும் ஒரே கேள்வி.

"கரி விழுதாட்டி?"

"இல்லக்கா. சாம்பல்தான்."

"பொய் சொல்லாத. அடியக் கிளறிப் பாத்தியா?"

"பாத்தேன் யக்கா."

"ஒன் தூக்குச் சட்டிய இங்கன கொண்டா."

ஹைருன் பீவி திறந்து காட்டினாள்.