வயித்தெரிச்சல்

கல்யாணமான புதுசுல எங்க ஊட்டுக்காரரு என்னைக் கண்ணுன்னுதான் கூப்புடுவாரு. பின்னால அது அம்மணியாச்சு, அப்புறம் வெறும் "ஏம்புள்ள" ஆச்சு. வயசாயிருச்சு, போச்சாதுன்னு நானும் விட்டுப்போட்டேன். ஆனா அந்தக் "கண்ணு" எங்கயும் தொலைஞ்சு போகல. சரவணம்பட்டிக்குக் குடிவந்தப்ப வாங்குன தட்டை மூஞ்சி பக் நாய்க்குப் போயிருச்சு. அன்னைக்குப் புடிச்ச வயித்தெரிச்சல் எனக்கு.

நாய்க்கு வந்தது நெசமான வயித்தெரிச்சல். சும்மாவே சப்புக்கொட்டும், எச்சில முழுங்கி முழுங்கிப் பார்க்கும், கடைசியில நுரையாக் கக்கிரும். டாக்டர் தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தாரு. இந்த ஜாதிக்கு மூக்குத் துவாரம் ரொம்பச் சின்னதுங்க, மூச்சைப் புடிச்சு இழுக்க இழுக்க வயித்துப் புளிப்பு மேல ஏறி உணவுக்குழாயே புண்ணாயிருச்சுங்கன்னாரு. காலையில வெறும் வயித்துல மாத்திரை, சோறு கொஞ்சங்கொஞ்சமா, தின்னதும் கொஞ்ச நேரம் நிமித்திப் புடிக்கோணும். அதுலயும் கேக்கலைன்னா மூக்குக்கு ஆபரேசன்.

அவ்வளவுதான். பெத்த புள்ளைய ஒரு நாள் தூக்கி ஏப்பம் விட வைக்காத மனுசன், நாயைத் தோள்ல சாச்சு முதுகைத் தடவிக்கிட்டே ஹால்ல நடக்கறாரு! மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தா, நான் வருசக்கணக்கா முழுங்கற அதே மாத்திரை. நாயோட மாத்திரை நேரத்துக்கு அவரு போன்ல அலாரம் அடிக்குது. நான் மாத்திரை திங்கறதே அவருக்குத் தெரியாது. பொறாமைதான், வேற என்னன்னு சொல்லட்டும்?

போன வாரம் உடுமலையில ஒரு கல்யாணம், அவரு மட்டும் போயிருந்தாரு. நாய்க்குச் சோறு வெச்சு, தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன். போன் வந்துச்சு. கை ஒழியல, ஸ்பீக்கர்ல போட்டேன்.

"கண்ணு, சாப்புட்டயா? நெஞ்சு எரியுதா?"

இப்படிக் கேட்டு எத்தனை வருசமாச்சு.

"இன்னும் இல்லீங்க. காலையில இருந்தே எரிஞ்சுட்டுத்தான் இருக்குதுங்க."

அவரு மெதுவாக் கேட்டாரு.

"உனக்குமா?"

நாய் என் காதோரம் ஏப்பம் விட்டுச்சு. அப்பவே கீழ இறக்கி விட்டுறலாம்னு ஆத்திரமா வந்துச்சு. ஆனா நிமித்திப் புடிக்கற நேரம் இன்னும் முடியல.