கடல் நிறைந்துவிட்டது என்று சொன்னவள்

மலேசியாவின் ஈப்போவில் லெட்சுமியைச் சீனப்பள்ளியில் சேர்த்தவர் அவள் அப்பா. லாரி ஓட்டுபவர். சீனம் தெரிந்தால் எங்கும் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார். நாற்பத்தைந்து வருஷம் கழித்து, மெல்பர்னில், ரோவில் பகுதி முதியோர் இல்லத்தில்தான் அந்தச் சீனம் அவளுக்கு உதவியது. பராமரிப்பு வேலையில் இருந்த அவளிடம் மிஸஸ் லியாங்கை ஒப்படைத்தார்கள். மறதி நோயில் ஆங்கிலம் முழுக்கப் போய், அந்த அம்மாவிடம் மாண்டரின் சீனம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

தினமும் மாலையில் மிஸஸ் லியாங் பூந்தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப்போய்த் தோட்டத்துச் சின்னக் குளத்தில் போடுவார். திரும்பி வந்து இன்னொன்று எடுப்பார். மழை பெய்தாலும் நிறுத்தமாட்டார்.

பார்த்ததுமே லெட்சுமிக்கு ஒரு பழைய சீனக் கதை நினைவுக்கு வந்தது. நான்காம் வகுப்பில் படித்த கதை அது. கீழைக்கடலில் மூழ்கிப்போன ராஜகுமாரி பறவையாகிறாள். மலையிலிருந்து கல்லும் சுள்ளியும் அலகில் கவ்விவந்து கடலைத் தூர்க்கப் பார்க்கிறாள். உன்னால் எந்தக் காலத்திலும் முடியாது என்று கடல் சிரிக்கிறது. பறவை அடுத்த கல்லுக்குப் பறந்துவிடுகிறது. தளராத மனசுக்கு உதாரணமாக இதைத்தான் பழைய கவிஞர்கள் பாடினார்கள் என்று ஆசிரியை சொன்னபோது, வகுப்பே தலையாட்டியது. லெட்சுமிக்கு மட்டும் பயமாக இருந்தது. அந்தப் பறவை எப்போதுதான் உட்காரும்?

மிஸஸ் லியாங்கின் மகன் டேனியலிடம் மெதுவாக விசாரித்தாள். தன் அக்கா ஒன்பது வயதில் கடலோடு போனவள் என்றும், உடல் கிடைக்கவே இல்லை என்றும் சொன்னார்.

மெல்பர்னின் ஜூலைக் குளிரில் மிஸஸ் லியாங்கின் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு மாலை அவர் லெட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தார்.

"நீயும் கிழடாயிட்ட. இன்னும் எவ்வளவு வேணும் உனக்கு? சொல்லு."

அவர் பேசியது தன்னிடம் அல்ல, கடலிடம் என்று லெட்சுமிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த விரல்களைப் பார்த்தாள்.

"போதும். நிறைஞ்சிருச்சு" என்றாள், மாண்டரினில்.

மறுநாள் மிஸஸ் லியாங் தோட்டத்துக்குப் போகவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. நான்காம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். வேலைதான் முடிந்துவிட்டதே என்றார். தான் சொன்னது பொய், இன்னும் நிறையவில்லை என்று லெட்சுமி அவர் காதருகே குனிந்து கெஞ்சினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் மூச்சு நின்றது.

"எண்பத்தெட்டு வயசு, அக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் நர்ஸ் பிரவீணா.

"நான் ஒரு வார்த்தை சொன்னேன்லா. அதோட நின்னுபோச்சு."

துணிகளை எடுத்துப்போக டேனியல் வந்தபோது லெட்சுமி எதையும் மறைக்கவில்லை. அவர் ஒரு ஸ்வெட்டரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஞாயிறுதோறும் அம்மா தன்னிடமும் இன்னும் எவ்வளவு வேணும் என்று கேட்டதாகவும், இன்னும் கொஞ்சம்தான் என்றே தான் சொல்லிவந்ததாகவும் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. லெட்சுமியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது அவள் வேறு பகுதியில் வேலை பார்க்கிறாள். என்றோ இறந்துபோன புருஷன் எப்போது வருவார் என்று அங்கே யாராவது கேட்டால், மற்ற பணியாளர்கள் இதோ வந்துவிடுவார் என்பார்கள். லெட்சுமி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். சீப்பை எடுத்துக் கேட்டவரின் தலையை வாரிவிடுகிறாள். சில சமயம் பாதியில் அவள் கை நின்றுவிடுகிறது.