சுண்ணாம்புத் தொட்டிக்கு வைத்த பொட்டு

ஆம்பூர் ரயிலடிக்குப் பக்கத்துக் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம் முழுவதும் என் உயிரை வாங்கியது திராவகம் அல்ல, சுண்ணாம்புதான்.

தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேண்டிய சரக்கெல்லாம் ரயிலில் எங்களிடம் வந்து இறங்கும். இங்கிருந்து மாட்டுவண்டியில் பள்ளிகொண்டா வரை போகும். கந்தகத் திராவகம் பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரும்; உடையாமலிருக்க ஒவ்வொன்றையும் வைக்கோல் திணித்த கூடைக்குள் இறக்கியிருப்பார்கள். தோலில் மயிர் கழற்றும் சல்பைடு தகரப் பீப்பாயில் வரும். இரண்டும் தனித்தனியே இருந்தால் பாதகமில்லை. கலந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். அடைத்த இடத்தில் அதை இழுத்தவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான். எங்கள் கிடங்குக்கோ ஒரே வாசல். சல்பைடை வேறு எங்காவது வையுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆகவே வாசலருகே ஒரு மரத்தொட்டி நிறையச் சுண்ணாம்புத் தூள் வைத்தேன். ஜாடி உடைந்தால் அதைத்தான் கொட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறிக்கும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். தலையை நன்றாகத்தான் ஆட்டினார்கள். ஆனால் சுண்ணாம்பு தொட்டியில் தங்கினால்தானே. வீட்டில் எறும்பு வருகிறது என்று ஒருவன் அள்ளிப் போவான். சடுகுடு ஆடக் கோடு போட வேண்டும் என்று ஒரு கும்பல் வரும். பூட்டுப் போட்டுப் பார்த்தேன். அவசரத்துக்குச் சாவி தேட முடியுமா என்று நானே கழற்றினேன்.

பொங்கலுக்கு முன்பு ஒரு காலை, கிடங்கின் முன்சுவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் நின்றது. தொட்டியைப் பார்த்தேன். வழித்துத் துடைத்திருந்தது.

"முதலாளி வர்றாரே, செவுரு அசிங்கமா கீதேன்னு நான்தான் அடிச்சேன் அய்யா," என்றார் காவல்காரர். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

நான் கத்தி முடிப்பதற்குள் உள்ளே ஜாடி உடைந்தது. பள்ளிகொண்டா சரக்கை எடுக்க வந்த வண்டிக்காரர் தூக்கிய கூடையின் அடி இற்றுப்போயிருந்தது. அவர் உள்பக்கம், வாசல் இந்தப் பக்கம், நடுவில் திராவகம். அது பீப்பாய்களைப் பார்த்து ஓடியது. காவல்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். குடத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, தெருமண்ணை வேட்டியில் அள்ளி அள்ளிக் கொட்டினேன். அதற்குள் நாற்றம் கிளம்பிவிட்டது. வண்டிக்காரர் வெறுங்காலோடு திராவகத்தை மிதித்துத்தான் வெளியே வந்தார். வலது பாதம் வெந்து போயிற்று. கோடை முடியும் வரை அவர் வண்டி பூட்டவில்லை.

இந்த ஜனங்கள் எதைத்தான் தொடாமல் விடுவார்கள் என்று யோசித்தேன். ஆயுத பூஜைக்கு ஜாடிகளுக்குக்கூடச் சந்தனம் வைக்கிறவர்கள். சரி என்று தொட்டியை நிரப்பி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலை செருகினேன்.

அதற்குப் பிறகு ஒரு சிட்டிகை குறையவில்லை. காவல்காரர் சாயங்காலம் கற்பூரம் ஏற்ற ஆரம்பித்தார். பாதம் சுருங்கித் திரும்பி வந்த வண்டிக்காரர், தொட்டியைக் கும்பிடாமல் ஜாடியைத் தொடுவதில்லை.

"அன்னிக்கி இதுதான் அய்யா என்னைக் காப்பாத்திச்சு," என்பார்.

"அன்னிக்கு அது காலியா இருந்துதுய்யா," என்பேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். பெரிய பேஜாராகப் போயிற்று, ஆனாலும் சுண்ணாம்பு இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த அடைமழையில் நான் உள்ளே கடைசி மூலையில் பீப்பாய் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு ஜாடி தானாகவே விரிசல் விட்டது. திரும்பினேன். வாசலுக்கும் எனக்கும் நடுவே புகை. திராவகம் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் சல்பைடு.

"தொட்டியைக் கொட்டுய்யா," என்று கத்தினேன்.

காவல்காரர் தொட்டியருகே கைகட்டி நின்றார். "நான் இன்னும் குளிக்கல அய்யா. சாமிய எப்படித் தொடறது?"

அந்த வினாடி எனக்கு வந்த கோபத்தில் பயமே மறந்தது. இவரைத் திட்டாமல் சாகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அப்போது வண்டிக்காரர் மழையிலிருந்து நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். காவல்காரரைத் தள்ளினார். வெந்து சுருங்கிய அந்த வலது காலாலேயே தொட்டியை ஓங்கி உதைத்தார். பொட்டும் வேப்பிலையுமாக அது கவிழ்ந்தது. சுண்ணாம்பு தரையெல்லாம் பரவியது; திராவகம் கொதித்து, நுரைத்து, நின்றது. மண்வெட்டியால் இழுத்துப் பரப்பி எனக்கு வழி செய்தார். செருப்புக் காலோடு அதன்மேல் ஓடி வெளியே வந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்த தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"காலால உதைச்சிட்டேன் அய்யா. சாமி கோச்சுக்குமா?"

"உதைக்கத்தான்யா வச்சிருக்கு," என்று அதட்ட வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். அவருடைய பாதத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டேன்.